வீட்டு நாஸ் பெட்டிக்குள் வெளியூரிலிருந்து எஸ்எஸ்எச்: எந்த வழியில் போவது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகரில் அக்கா வீட்டுக்காரரின் ஸ்டுடியோவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. நாஸ் பெட்டி, அதாவது ஃபைல்களைச் சேமித்து நெட்வொர்க் வழியாக எடுக்க உதவும் டிஸ்க் பெட்டி, அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. ஏழு வருடக் கல்யாண வீடியோக்கள் அதற்குள் இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்களிடம் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. தண்ணீர் வடிந்ததும் மாமா செய்த முதல் வேலை, அந்தப் பெட்டியைப் பைக்கில் கட்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து வைத்ததுதான்.

பெட்டி பத்திரமாகிவிட்டது. ஆனால் அதைக் கவனிக்க வேண்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. மாமா புதுச்சேரியில், நான் சென்னையில், பெட்டியோடு கடலூரில் இருப்பது அம்மா மட்டும். ஏதாவது சிக்கல் என்று அம்மாவுக்கு ஃபோன் போட்டால், "பச்சை லைட்டு எரியுதுப்பா, வேற என்ன பாக்கணும்?" என்பார். அவரால் அவ்வளவுதான் முடியும், அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. மாடிப்படி ஏற வைத்து, கேபிளைப் பிடுங்கி மாட்டச் சொல்லும் எந்த ஏற்பாடும் எங்களுக்கு ஒத்துவராது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

படம் பார்க்கவும் ஃபைல் இறக்கவும் மட்டும் என்றால் நாஸ் கம்பெனியின் சொந்தச் செயலியே போதும், இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கட்டளை வரி தேவைப்படுவது வேறு காரியங்களுக்கு. 300 ஜிபி ஃபோல்டரை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டும், ஆர்சிங்க் போட்டு நகல் எடுக்க வேண்டும், டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம், தொலைவிலிருந்தே ஒரு கணினிக்குக் கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் போல ஒன்று இல்லை. அதே காரணத்தால்தான் அது ஆபத்தானதும்கூட. சினாலஜி என்ற கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் நிர்வாகி குழுவில் இருப்பவர்கள் மட்டுமே எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியும். அந்த வாசல் வேறொருவன் கைக்குப் போனால் அவன் சாதாரணப் பயனராக வருவதில்லை, வீட்டு எஜமானாகவே வருகிறான்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் இணைப்பு

எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் வரும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று தனி முகவரி இருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, நீங்கள் பொதுமுகவரி ஒன்றைப் பல வீடுகளோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு, 100.64 வரிசையை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். ஒரே கதவு எண்ணில் நாற்பது குடித்தனம் இருப்பது போல. வெளியிலிருந்து வரும் தபாலை உங்கள் வீட்டுக்குக் கொடு என்று நீங்கள் ரவுட்டரில் எழுதி வைத்தாலும், தபால் அதுவரை வந்து சேர்வதே இல்லை.

எங்கள் அனுபவத்தில் இதுதான் ஒரு மாதத்தை விழுங்கியது. புதுச்சேரிக் கடையில் தனி முகவரி இருந்தது, மாமா போட்டு வைத்திருந்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் நாஸுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) ஒழுங்காக வேலை செய்தது. அதே அமைப்பைக் கடலூர் வீட்டு ரவுட்டரில் அச்சு மாறாமல் செய்தோம், வரவில்லை. "மச்சான், அங்க ஓடுச்சு, இங்க ஏன்டா உள்ளயே விட மாட்டேங்குது?" என்று மாமா தினமும் கேட்டார். நான் நாஸில் தப்பு, ஃபயர்வாலில் தப்பு என்று தேடிக்கொண்டே இருந்தேன். கடைசியில்தான் ரவுட்டர் முகவரியைப் பார்த்தேன், 100 என்று தொடங்கியது. சிஜிநாட் என்றால் கீழே வரும் வழிகளில் பாதி அப்போதே விலகிவிடும். மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி, மாறாத தனி முகவரியான ஸ்டாடிக் ஐபி வாங்கலாம் என்பது வேறு விஷயம். எல்லா இணைப்பிலும் அது கிடைப்பதில்லை.

நேரே 22-ஐத் திறந்து வைப்பது

தனி முகவரி இருப்பவர்கள் முதலில் செய்வது இதுதான். ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டுக்கு, அதாவது எஸ்எஸ்எச்சுக்கான வாசல் எண்ணுக்கு, வரும் அழைப்பை நாஸுக்குத் திருப்பிவிடுவது. ஐந்து நிமிட வேலை, செலவில்லை, கூடுதல் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

எஸ்எஸ்எச் பலவீனமான சரக்கு அல்ல. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்து, அங்கே இருந்த தாத்து ய்லோனென் எழுதியது அது. ஃபைல் அனுப்பும் எஃப்டிபியின் 21-க்கும் தொலைவிலிருந்து நுழையும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். அந்த இரண்டையும் ஓரம்கட்டத்தானே அவர் இதை எழுதினார். இன்று நாம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999-இல் வந்தது. வழியில் ஒட்டுக்கேட்கும் பயம் இதில் இல்லை.

பயம் வாசலில் இருக்கிறது. கடையில் பெட்டி இருந்த நாட்களில் ஒருமுறை அதன் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ரூட், அட்மின், டெஸ்ட், பை என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு, ராப்பகலாக யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ஆட்களா, இல்லை, எல்லாம் இயந்திரங்கள். இணையம் முழுவதையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். மாமாவின் கடவுச்சொல் கடைப் பெயரும் 123-ம். பலமுறை தப்பாகப் போட்டால் அந்த முகவரியைத் தடுக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததால்தான் பிழைத்தோம். அன்று எனக்கு வயிறு கலங்கியது நிஜம். 22-ஐ மாற்றி 2222 என்று வைத்தால் பதிவில் கூட்டம் குறையும், அவ்வளவுதான். தேடுகிறவனுக்கு அதையும் கண்டுபிடிக்கத் தெரியும்.

கடவுச்சொல்லை ஒழித்து, சாவி (நம் கருவியில் சேமித்து வைக்கும் ரகசிய ஃபைல்) மட்டும் போதும் என்று வைத்தால்? பெருமளவு சரியாகிவிடும். ஆனாலும் 2024-இல் நடந்த இரண்டு விஷயங்களை மறக்க முடியவில்லை. மார்ச் கடைசியில், எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவிக்குள் யாரோ திட்டம் போட்டு ஒளித்து வைத்த பின்வாசல் வெளியே வந்தது. சில லினக்ஸ் வகைகளில் அது எஸ்எஸ்எச் வழியாகவே நுழைய வைத்திருக்கும். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற ஒரு பொறியாளரால் அது பரவுவதற்குள் பிடிபட்டது. ஜூலை மாதம் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே, சாவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் நுழைய வாய்ப்புத் தரும் ஒரு பிழை வெளியானது. பெரிய சர்வர்களில் அன்றே திருத்தம் ஏறிவிடும். வீட்டு நாஸுக்கு அந்தக் கம்பெனி அப்டேட் தயாரித்து, அது நம் பெட்டிக்கு வந்து, நாம் சரி என்று அழுத்தும்வரை வாசல் தெருவைப் பார்த்துத் திறந்தே இருக்கும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று, க்யூநாப் என்ற கம்பெனியின் நாஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல்கள் வந்தன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் இருந்த தரவு வெளியிலிருந்தே அழிக்கப்பட்டது. இவை எஸ்எஸ்எச் வழியாக நடந்தவை அல்ல, பெட்டியின் மற்றச் சேவைகள் வழியாக நடந்தவை. ஆனால் இரையானவற்றுக்கு ஒரு பொது அம்சம் உண்டு, அவை இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி இருந்தன. ஆகவே என் கருத்து உறுதியானது: நாஸின் எந்த வாசலும் தெருவைப் பார்க்கக் கூடாது. எஸ்எஸ்எச் உட்பட. வாடகை சர்வரை நாளும் கவனிக்கிற ஆளுக்கு 22 திறந்திருப்பது சாதாரணம். அம்மா வீட்டு மாடியில் இருக்கும் பெட்டிக்கு அது வேண்டாம்.

நாஸ் கம்பெனி தரும் சுலப வழியைப் பற்றி ஒரு வார்த்தை. சினாலஜியின் குயிக்கனெக்ட் போன்றவை சிஜிநாட்டைத் தாண்டியும் வேலை செய்யும், படம் பார்க்க அருமையானவை. ஆனால் குயிக்கனெக்ட் எஸ்எஸ்எச்சைச் சுமந்து போகாது. நம் கேள்விக்கு அது விடையில்லை.

வயர்கார்டு: வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, பிறகு பெட்டிக்குள்

இங்கே எண்ணமே மாறுகிறது. நாஸைத் தெருவுக்குக் கொண்டுவராமல், வெளியூரில் இருக்கும் நம் மடிக்கணினியை வீட்டு நெட்வொர்க்குக்குள் கொண்டுபோய்விடுவது. அதன் பிறகு எஸ்எஸ்எச் வீட்டுக்குள்ளேயே நடக்கிற உரையாடல்.

இதற்கு ஓப்பன்விபிஎன் பழைய கருவி, இன்றும் நம்பலாம். பிபிடிபி என்று பழைய ரவுட்டர்களில் இருப்பதைத் தொட வேண்டாம், அதன் பூட்டு எப்போதோ உடைந்துவிட்டது. நான் பரிந்துரைப்பது வயர்கார்டு. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த குணம் அதன் மௌனம். சரியான சாவி இல்லாத யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எஸ்எஸ்எச் அப்படியில்லை, தட்டினதும் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கும்.

பல நாஸ்களின் கெர்னல் பழையது, வயர்கார்டு நேரடியாக ஏறாது. பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்து, அதில் வயர்கார்டை நிறுவினால் போதும். ரவுட்டரில் திறக்க வேண்டியது ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. வீட்டு ஐபி அவ்வப்போது மாறும் என்பதால், மாறும் முகவரியைப் பின்தொடர்ந்து காட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றும் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: வயர்கார்டு அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒருமுறைதான் கேட்கும். நடுவில் வீட்டு ஐபி மாறினால் இணைப்பை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.

தனி முகவரி இருக்கிறவர், யாருடைய கணக்கையும் நம்பாமல் எல்லாம் என் கையில் இருக்க வேண்டும் என்கிறவர், இதையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மனதளவில் முதலிடம் இதற்குத்தான். மஞ்சக்குப்பம் வீட்டின் சிஜிநாட் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இத்தோடு நிறுத்தியிருப்பேன்.

சிஜிநாட் வீட்டுக்கு இரண்டு வழி

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, ஆனால் உள்ளிருந்து வெளியே பேச முடியும். அதனால் வீட்டுப் பெட்டியையே வெளியே ஓர் இடத்துக்கு அழைப்பு விடுக்க வைப்பது.

முதல் வழி, மாதம் 5 டாலர் அளவில் ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுப்பது. அதில் வயர்கார்டு போட்டு, வீட்டு ராஸ்பெர்ரி பையும் நம் மடிக்கணினியும் இரண்டு பக்கமிருந்தும் அதோடு இணைவது. 25 நொடிக்கு ஒருமுறை வீட்டிலிருந்து ஒரு சிறு பொட்டலம் போய்க்கொண்டே இருந்தால் பாதை மூடாது. எஸ்எஸ்எச்சிலேயே தலைகீழ்ச் சுரங்கம் போட்டும் இதே காரியத்தைச் செய்யலாம், ஆனால் இணைப்பு அறுந்தால் மறுபடி எழுப்ப ஆட்டோஎஸ்எஸ்எச் போல ஒரு காவல்காரன் வேண்டும். எப்படிச் செய்தாலும் பராமரிக்க இன்னொரு கணினி கூடுகிறது. அதற்கு நீங்கள்தான் அப்டேட் போட வேண்டும். மறந்துபோய் விட்டால், வீட்டுக்குள் நேரே போகும் சுரங்கத்தின் வாயை நடுத்தெருவில் காவலின்றி விட்டது போலாகும்.

இரண்டாவது வழி டெயில்ஸ்கேல். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். சாவிகளைப் பரிமாறுவது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வது ஆகிய ஒருங்கிணைப்பை அந்த நிறுவனத்தின் சர்வர் பார்த்துக்கொள்கிறது. ரகசியச் சாவி அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போவதில்லை. இரண்டு கருவிகளும் முடிந்தவரை நேரடியாகப் பேசிக்கொள்ளும். முடியாதபோது அவர்களுடைய இடைச் சர்வர் வழியாகப் போகும், அப்போதும் பூட்டியபடியேதான் போகும். ரவுட்டரில் ஒன்றையும் திறக்க வேண்டாம், சிஜிநாட் ஒரு பொருட்டே இல்லை, தனிநபருக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. சினாலஜியின் பேக்கேஜ் சென்டரிலேயே கிடைக்கிறது. நாங்கள் நிறுவிய அன்று காபி ஆறுவதற்குள் புதுச்சேரியிலிருந்து மாமா உள்ளே போய்விட்டார்.

விலை இல்லாமல் இல்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற உங்கள் கணக்கு ஒன்றை வைத்துத்தான் உள்ளே நுழைவீர்கள், ஆகவே அந்தக் கணக்கே இனி வீட்டுச் சாவி. அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். இன்னொரு நிறுவனத்தை நம்புகிறீர்கள் என்பதும் உண்மை. அது உறுத்தினால், ஒருங்கிணைக்கும் பகுதியை நாமே நடத்த ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது; ஆனால் அதற்கு மறுபடி ஒரு வாடகை சர்வர் வேண்டும். அப்புறம், எல்லாரும் தவறவிடுகிற ஒன்று: ஒவ்வொரு கருவியின் சாவியும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். கையிலிருக்கும் மடிக்கணினிக்கு அது நல்லது. மாடியில் தனியாக இருக்கும் நாஸுக்குக் காலாவதி ஆனால் அந்த வழியாக அதை எட்ட முடியாமல் போய்விடும். நிர்வாகப் பக்கத்தில் நாஸுக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மாமாவுக்குக் கட்டளைகள் பாதிதான் தெரியும், எனக்கு வாடகை சர்வரைக் கவனிக்க நேரமில்லை, அம்மாவை எதற்கும் கூப்பிடக் கூடாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறு வழி எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. நாஸில் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் ராஸ்பெர்ரி பையிலும் போட்டிருக்கிறோம். நாஸில் அந்த பேக்கேஜை அப்டேட் செய்யும்போது அதன் வழியாகவே உட்கார்ந்திருக்கிற நம் இணைப்பு அறுந்துபோகலாம். அப்போது பை வழியாக வீட்டுக்குள் போய், அங்கிருந்து நாஸுக்கு எஸ்எஸ்எச் போடலாம். இந்த இரண்டாம் வாசல் ஏற்கெனவே இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

எந்த வழியானாலும் உள்ளே பூட்டு வேண்டும்

வீட்டுக்குள் வந்தாயிற்றே என்று எஸ்எஸ்எச்சுக்குக் கடைப் பெயரும் 123-ம் வைக்கக் கூடாது. வீட்டு வைஃபையில் விருந்தாளியின் ஃபோனும் டிவியும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

ஈடி25519 வகைச் சாவி போடுங்கள், ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2014 முதல் இருக்கிறது, சிறியது, வேகமானது. சாவிக்கும் ஒரு கடவுச்சொற்றொடர் வையுங்கள். ஆளுக்கொரு சாவி, கருவிக்கொரு சாவி. மாமாவின் மடிக்கணினி தொலைந்தால் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினால் போதும். சாவி வைத்தும் கடவுச்சொல்லே கேட்டால், பெரும்பாலும் ஃபோல்டர் அனுமதிதான் காரணம். உங்கள் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்ப மறுக்கும். ஹோமுக்கு 755, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியல் ஃபைலுக்கு 600 என்று வைத்தால் தீரும். சினாலஜியில் இந்தச் சிக்கல் நிறைய பேருக்கு வருகிறது.

சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகே கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஏற்கெனவே திறந்த ஒரு டெர்மினலை மூடாமல், இன்னொன்றில் புதிதாக நுழைந்து பாருங்கள். இரண்டாவது வரவில்லையென்றால் முதலாவதில் இருந்து சரிசெய்துவிடலாம். பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதே நாஸின் கைரேகைச் சரத்தை, அதாவது அதன் அடையாளத்தைக் காட்டும் எழுத்து வரிசையை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் முதல்முறை இணையும்போது திரையில் வருவதோடு ஒப்பிட்ட பிறகுதான் "yes" என்று அடிக்க வேண்டும்.

வயர்கார்டு வழியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்ற வரிசையில் இருந்தால் 192.168.87 போல வேறொன்றுக்கு மாற்றுங்கள். நீங்கள் தங்கும் லாட்ஜின் வைஃபையும் 192.168.1 என்றிருந்தால், வீட்டு நாஸுக்குப் போக வேண்டிய பேச்சு லாட்ஜுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் மழைக்காலம் என்றால் கரண்ட் போகும். யூபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் நாஸோடு இணைத்தால், பேட்டரி தீரும் முன் நாஸ் தானாக ஒழுங்காக இறங்கிவிடும். கரண்ட் வந்ததும் தானாக எழ வேண்டும் என்ற அமைப்பையும் கட்டாயம் போட வேண்டும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து யூபிஎஸ் கொடுங்கள். நாஸ் எழுந்து உட்கார்ந்திருந்து ரவுட்டர் செத்துக் கிடந்தால் என்ன பயன்?

எல்லாம் முடிந்ததும் நாங்கள் மாடியிலேயே உட்கார்ந்து ஒரு ஒத்திகை பார்த்தோம். மடிக்கணினியை வீட்டு வைஃபையிலிருந்து எடுத்து, ஃபோனின் மொபைல் டேட்டாவில் இணைத்தோம். வீட்டு வைஃபையில் இருந்தபடி சோதிப்பது சோதனையே ஆகாது. இணைப்பு வந்தது. பிறகு யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். கொஞ்ச நேரத்தில் நாஸ் தன் வேலைகளை முடித்து இறங்கியது, டெர்மினல் உறைந்து நின்றது. மறுபடி பிளக்கைச் சொருகிவிட்டு, யாரும் எதையும் தொடாமல் காத்திருந்தோம். முதலில் பை வந்தது, கொஞ்சம் பொறுத்து நாஸும் வந்தது. மாமா புதுச்சேரிக்குக் கிளம்பினார். அன்று ராத்திரி கடையிலிருந்து உள்ளே நுழைந்து, புயலுக்கு முந்தின வாரம் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஃபோல்டரை இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுக்க ஆரம்பித்தார்.